முகமூடி போட்ட பூனையும் மூன்று கேள்விகளும்

மேனார்டு என்று ஒரு பூனை இருந்தது. மிகவும் சாது. யார் தடவிக் கொடுத்தாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். 1960-களில் அமெரிக்காவில் ரீட்டா டெவ்ரீஸ் என்ற உளவியல் ஆய்வாளர், மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து இந்தப் பூனையைக் காட்டினார்.

"இது என்ன?"

"பூனை!"

குழந்தை அதைத் தடவிப் பார்க்கும், கொஞ்சும். பிறகு டெவ்ரீஸ் பூனையின் முன்பாதியை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். பின்பாதியும் வாலும் குழந்தையின் கண்ணெதிரே அப்படியே இருக்கும். "வாலையே பார்த்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் பூனையின் முகத்தில் ஒரு முகமூடியை மாட்டுவார். பார்த்தால் அசல் நாய் மாதிரியே இருக்கும் முகமூடி. தடுப்பை எடுத்ததும் மறுபடியும் கேள்விகள். இப்போது இது என்ன? இது குரைக்குமா? இதன் உடம்புக்குள்ளே இருப்பது நாயின் எலும்பா, பூனையின் எலும்பா?

மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகிவிட்டது என்றே சொன்னார்கள். முகம் மட்டுமல்ல, எலும்பும் வயிறும்கூட நாயுடையதுதானாம். அதே வாலை அவர்கள் ஒரு நொடிகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைகளோ, "பூனைதான், முகமூடி போட்டிருக்கு" என்று தெளிவாகச் சொன்னார்கள். 1969-ல் இந்த ஆய்வு வெளியானது.

மூன்று வயதில் ஒரு பிள்ளை பார்ப்பதற்கும் ஆறு வயதில் பார்ப்பதற்கும் இடையே ஏதோ பெரிதாக நடக்கிறது. மேலே தெரியும் தோற்றம் மாறினாலும் உள்ளே இருக்கும் பொருள் மாறாது என்பது பிறக்கும்போதே நமக்குத் தெரிந்த விஷயமல்ல. ஒவ்வொருவரும் தாமாகக் கண்டுபிடிக்கிறோம். நீங்களும் கண்டுபிடித்தவர்தான். உங்களுக்கு நினைவில்லை, அவ்வளவுதான்.

சரி, பூனையை விடுங்கள். பூனை நாயாக மாறலாம் என்று நம்பும் ஒரு பிள்ளை, தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? "நான் பையன்", "நான் பொண்ணு" என்று சொல்கிறதே, அதை எப்படிப் புரிந்துவைத்திருக்கும்?

லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-ல் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னோடி, சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே. பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான குட்டை டம்ளரில் இருக்கும் தண்ணீரை, பிள்ளையின் கண்ணெதிரே ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றுங்கள். நான்கு வயதுப் பிள்ளை "இப்ப தண்ணி நிறைய ஆயிடுச்சு" என்று சொல்லும். ஏழெட்டு வயதுப் பிள்ளை, "அதே தண்ணிதானே!" என்று உங்களை ஒரு மாதிரிப் பார்க்கும். பொருளின் அளவு மாறாது என்பதைப் புரிந்துகொள்ள வயது வேண்டியிருக்கிறதென்றால், தான் பையனா பெண்ணா என்பது மாறாது என்று புரிந்துகொள்ளவும் வயது வேண்டும் என்றார் கோல்பர்க்.

அதை அளந்து பார்க்க ஒரு வழி வேண்டுமே? 1975-ல் ரொனால்டு ஸ்லாபி, கேரின் ஃப்ரே என்ற இருவர் சின்னப் பிள்ளைகளிடம் கேட்பதற்கென்று கேள்விகள் வகுத்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அவை இப்படி இருக்கும்.

முதல் வகைக் கேள்வி: "இந்தப் பொம்மை பையனா, பொண்ணா? நீ பையனா, பொண்ணா?" இரண்டரை, மூன்று வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது வகை: "நீ கைக்குழந்தையா இருந்தப்ப பையனா இருந்தியா, பொண்ணா இருந்தியா? பெரிசானதும் அம்மா ஆவியா, அப்பா ஆவியா?" இங்கேதான் சின்னவர்கள் தடுமாறுகிறார்கள். மூன்று வயதுப் பையன் ஒருவன் "நான் பெரிசாகி அம்மா ஆவேன்" என்று சொல்லலாம். அவனைப் பொறுத்தவரை அதில் ஒரு சிக்கலும் இல்லை. நாளை வேறு ஒன்றாகவும் ஆகலாம், ரயிலாகக்கூட ஆகலாம். நான்கு வயதையொட்டி இந்தப் பதில் உறுதிப்படுகிறது.

மூன்றாவது வகைதான் கடினம். "நீ பொண்ணுங்க போடுற டிரஸ் போட்டுக்கிட்டா, பையனா இருப்பியா, பொண்ணா ஆயிடுவியா? பொண்ணுங்க விளையாடுற விளையாட்டு விளையாடினா?" உடையோ விளையாட்டோ மாறினால் ஆள் மாறிவிடுவதில்லை என்று தயங்காமல் சொல்ல, பல பிள்ளைகளுக்கு ஆறேழு வயது ஆகிவிடுகிறது. பூனையின் எலும்பைப் பற்றிச் சரியாகச் சொல்லும் வயதும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் இந்தக் கதை ஐந்து வயதிலோ மூன்று வயதிலோ தொடங்கவில்லை. அதற்கும் வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

பேசத் தெரியாத குழந்தையிடம் என்ன கேட்க முடியும்? ஆய்வாளர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழந்தையின் கண்ணைக் கவனிப்பார்கள். பழகிப்போன படத்தைக் குழந்தை சீக்கிரம் விட்டுவிடும். பிடித்ததையும் புதியதையும் நீண்ட நேரம் பார்க்கும். எந்தப் படத்தை எத்தனை நொடி பார்த்தது என்று குறித்துக்கொண்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். பால் க்வின் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2002-ல் மூன்று, நான்கு மாதக் குழந்தைகளுக்கு ஆண் முகம் ஒன்று, பெண் முகம் ஒன்று எனப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். அம்மாவின் கையில் வளரும் குழந்தைகள் பெண் முகங்களையே அதிக நேரம் பார்த்தன. அப்பாவே முதன்மையாகப் பார்த்துக்கொள்ளும் சில குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் ஆண் முகங்களை அதிக நேரம் பார்த்தார்கள்! தவழக்கூடத் தெரியாத வயதில், தன்னைத் தூக்கி வைத்திருப்பவர் முகத்தை வைத்துக் குழந்தை மனிதர்களை வகை பிரிக்கத் தொடங்கிவிடுகிறது.

பிறகு சொற்கள் வருகின்றன. கிறிஸ்டினா ஸோசுல்ஸ் என்பவர் தலைமையில் 2009-ல் வெளியான ஒரு ஆய்வில், 82 குழந்தைகளின் அம்மாக்கள் குழந்தை பேசும் புதுச் சொற்களையெல்லாம் ஒன்பதாம் மாதத்திலிருந்து தொடர்ந்து குறித்து வந்தார்கள். பையன், பெண் என்ற பொருள்தரும் சொற்களை 17 மாதத்திற்குள் கால்வாசிக் குழந்தைகளும், 21 மாதத்திற்குள் 68 விழுக்காட்டினரும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. இந்தச் சொற்கள் வந்துவிட்ட குழந்தைகளில், பையன்கள் லாரியையும் பெண் குழந்தைகள் பொம்மையையும் எடுப்பது கொஞ்சம் கூடியிருந்தது. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை!

இது கோல்பர்க் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. ‘நான் பையன், இது மாறாது’ என்ற தெளிவு ஆறேழு வயதில் வந்த பிறகுதான் பிள்ளைகள் அதற்கேற்ப நடக்கத் தொடங்குவார்கள் என்பது அவர் கருத்து. பிள்ளைகள் அதுவரை காத்திருக்கவில்லை. ‘நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்’ என்று பெயர் தெரிந்தாலே போதும், வேலை தொடங்கிவிடுகிறது. 1981-ல் கேரல் மார்ட்டின், சார்லஸ் ஹால்வர்சன் என்ற இருவரும், அதே ஆண்டில் தனியாக சாண்ட்ரா பெம் என்பவரும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். பிள்ளையின் மனதில் ‘பையன்களுடையது’, ‘பெண்களுடையது’ என்று இரண்டு பட்டியல்கள் உருவாகின்றன. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாவற்றையும் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுகிறது பிள்ளை. பின்னாளில் மார்ட்டினும் டயான் ரூபிள் என்ற ஆய்வாளரும் சின்னப் பிள்ளைகளுக்குத் ‘துப்பறிவாளர்கள்’ என்றே பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். யாரும் பாடம் நடத்தாமலே தடயம் தேடித் தேடிச் சட்டம் எழுதுகிறவர்கள் அவர்கள்.

எந்தத் தடயத்தை முதலில் எடுக்கிறார்கள்? முடியை! 1971-ல் நடந்த ஒரு சோதனையில், ஆண் உடல், பெண் உடல், நீள முடி, குட்டை முடி என்று மாற்றி மாற்றிப் பொருத்திய பொம்மைகளை நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டினார்கள். பெரியவர்கள் உடலைப் பார்த்து முடிவு செய்தார்கள். பிள்ளைகள் முடியைப் பார்த்தார்கள். நம் வீடுகளில் இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடமே வேண்டாம். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்த பெண் குழந்தையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நான்கு வயதுக்காரர், "இவன் பையன்" என்று சாதிப்பார். அது அவரோடு நேற்றுவரை விளையாடிய பெண்ணாகவே இருக்கலாம். ஒரு வயதுப் பையனுக்குப் பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து, நெற்றிச்சுட்டி கட்டிப் புகைப்படம் எடுத்து மாட்டியிருக்கும் வீடுகளும் நம்மிடம் நிறைய உண்டே. அந்தப் படத்தைக் காட்டி "இது உங்கப்பா" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வது கஷ்டம்.

சாண்ட்ரா பெம்முடைய சொந்தப் பிள்ளைக்கே இது நடந்தது. அவருடைய மகன் ஒருநாள் தலையில் கிளிப் போட்டுக்கொண்டு மழலையர் பள்ளிக்குப் போனான். உடன் படித்த ஒரு பையன், "நீ பொண்ணு. பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். இவன் என்ன விளக்கம் சொல்லியும் அவன் ஏற்கவில்லை. கிளிப் என்ற ஒரே தடயம் போதுமாக இருந்தது.

மொழியும் ஒரு தடயம். இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. ஹீப்ரு மொழியில் ‘நீ’ என்று கூப்பிடுவதற்கே ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். பின்லாந்து நாட்டின் ஃபின்னிஷ் மொழியிலோ அவன், அவள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான். ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவில். அலெக்சாண்டர் குய்யோரா என்பவரும் மற்றவர்களும் 1982-ல் இந்த மூன்று மொழி பேசும் சின்னக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். தான் பையனா பெண்ணா என்பதை முதலில் தெரிந்துகொண்டவர்கள் ஹீப்ரு குழந்தைகள். அடுத்து ஆங்கிலக் குழந்தைகள், கடைசியில் ஃபின்னிஷ் குழந்தைகள். நம் தமிழை எங்கே வைப்பது? ‘வந்தான், வந்தாள்’ என்று வினைச்சொல்லிலேயே ஆண், பெண் தெரிகிறது. ‘நான் வந்தேன், நீ வந்தாய்’ என்றால் தெரிவதில்லை. வீட்டுப் பேச்சில் ‘அம்மா வந்துச்சு’ என்றும் சொல்கிறோம், பெண் குழந்தையை ‘வாடா செல்லம்’ என்றும் கொஞ்சுகிறோம். துப்பறியும் தமிழ்க் குழந்தைக்கு வேலை கொஞ்சம் கூடுதல்தான்!

இப்போது நான் மிகவும் வியந்த ஒரு சோதனைக்கு வருகிறேன். மார்ட்டினும் ஹால்வர்சனும் 1983-ல் வெளியிட்டது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டினார்கள். சில படங்கள் பிள்ளைகள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும். சில படங்கள் நேர்மாறாக இருக்கும். ஒரு படத்தில் ஒரு சிறுமி ரம்பத்தால் மரம் அறுக்கிறாள். எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களை அழைத்து, "மரம் அறுக்கிற படம் ஒன்று பார்த்தாயே, அதில் இருந்தது யார்?" என்ற மாதிரிக் கேட்டார்கள்.

பல பிள்ளைகள், "பையன்" என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கவனக்குறைவும் இல்லை. எதிர்பார்ப்புக்குப் பொருந்திய படங்களை நன்றாகவே நினைவு வைத்திருந்தார்கள். பொருந்தாத படத்தில்தான் அவர்கள் மனம் கை வைத்தது. சிறுமியை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பையனை வரைந்துகொண்டது. ‘மரம் அறுப்பது பையன்கள் வேலை’ என்று மனதில் எழுதிய சட்டம், கண் பார்த்ததையே திருத்திவிட்டது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு பெண் பேருந்து ஓட்டுவதைக் காட்டினால் பிள்ளையின் எண்ணம் மாறிவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஒருமுறை காட்டினால் போதாது. வீட்டுக்குப் போவதற்குள் அந்த ஓட்டுநருக்கு மீசை முளைத்துவிடலாம்.

சட்டம் மிகவும் கறாராக இருப்பது இந்த ஐந்து, ஆறு வயதில்தான். மே லிங் ஹாலிம், டயான் ரூபிள் முதலியோர் 2014-ல் எழுதிய கட்டுரை, ஜாலரி வைத்த இளஞ்சிவப்பு கவுன் இல்லாமல் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சின்னப் பெண்களையும், பெண்களுடையது என்று தோன்றும் எதையும் தொடமாட்டேன் என்று ஓடும் பையன்களையும் பற்றியது. அம்மா அப்பா சொல்லிக்கொடுத்து நடப்பதில்லை இது. அம்மாவே ஜீன்ஸ் போடுகிறவராக இருப்பார், மகள் கவுனுக்காக அழுவாள். புதிதாகக் கண்டுபிடித்த சட்டத்தை முழு வேகத்தில் நடைமுறைப்படுத்துகிறாள், அவ்வளவுதான். விளையாட்டுத் தோழர்களும் பிரிந்துவிடுகிறார்கள். எலினார் மக்கோபி, கேரல் ஜாக்லின் இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், நாலரை வயதுப் பிள்ளைகள் தம் பாலினத்தவரோடு விளையாடிய நேரம், மற்றவரோடு விளையாடியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆறரை வயதில் அது பதினோரு மடங்கு!

பொம்மைக்கும் இதே கதைதான். பிள்ளைகள் அதுவரை பார்த்திராத, பார்த்தவுடன் ஆசைப்படும் பொம்மைகளை எடுத்துக்கொண்டு, "இது பையன்களுக்குப் பிடிக்கும்", "இது பெண்களுக்குப் பிடிக்கும்" என்று வாயால் மட்டும் சொன்னார்கள் மார்ட்டின் குழுவினர். அது 1995-ல். "மற்றவர்களுக்கு" என்று சொல்லப்பட்ட பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை குறைந்துவிட்டது. பொம்மையில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

இளஞ்சிவப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு பெண்களுக்கு, நீலம் பையன்களுக்கு என்பது பிறவியிலேயே வருவதா? வனெஸ்ஸா லோப்யூ, ஜூடி டிலோச் இருவரும் ஏழு மாதம் முதல் ஐந்து வயது வரையான அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான பொருள்களை இரண்டிரண்டாகக் காட்டினார்கள். ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது வேறு நிறம். 2011-ல் வெளிவந்த முடிவு இது: கைக்குழந்தைகளிடம் ஒரு வேறுபாடும் இல்லை. இரண்டு, இரண்டரை வயதில்தான் பெண் குழந்தைகள் இளஞ்சிவப்பை எடுக்கத் தொடங்கினார்கள், பையன்கள் ஒதுக்கத் தொடங்கினார்கள். பிறகு இன்னும் தூரமாகப் போய்ப் பார்த்தார்கள் வேறு ஆய்வாளர்கள். பெரு நாட்டு அமேசான் காட்டோரத்து ஷிபிபோ கிராமங்கள், பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டைச் சேர்ந்த டன்னா தீவின் மலைக் கிராமங்கள், காங்கோவில் வேட்டையாடியும் காட்டில் கிடைப்பதைத் திரட்டியும் வாழும் பயாகா மக்கள், இவர்களோடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். பிரிஸ்பேன் நகரத்துப் பிள்ளைகளிடம் மட்டுமே பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்ற வேறுபாடு தெரிந்தது. மற்ற மூன்று இடங்களிலும் தெரியவில்லை. 2021-ல் வெளியான ஆய்வு இது. இதற்கு நூறாண்டு முன்னால், 1918-ல், அமெரிக்காவின் குழந்தை உடை வணிகப் பத்திரிகை ஒன்று, இளஞ்சிவப்பு அழுத்தமான நிறம், ஆகவே பையன்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் தடயங்களை எல்லாம் போட்டு வைப்பது யார்? பெரியவர்கள்தான். பல நேரம் தெரியாமலே.

ஜான் கான்ட்ரி, சாண்ட்ரா கான்ட்ரி என்ற இருவர் 1976-ல் ஒரு ஒன்பது மாதக் குழந்தையின் படச்சுருளை 204 பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மூடியைத் திறந்ததும் பொம்மை குதித்து வரும் ஒரு பெட்டியைப் பார்த்துக் குழந்தை அழுகிறது. பாதிப் பேரிடம் அது பையன் என்றும், பாதிப் பேரிடம் பெண் என்றும் சொல்லியிருந்தார்கள். பையன் என்று நினைத்தவர்களுக்கு அந்த அழுகை கோபமாகத் தெரிந்தது. பெண் என்று நினைத்தவர்களுக்குப் பயமாகத் தெரிந்தது. ஒரே குழந்தை, ஒரே அழுகை. கோபப்படுகிற குழந்தையை நாம் கையாள்வது ஒரு விதம், பயப்படுகிற குழந்தையைக் கையாள்வது வேறு விதம். இது தினமும், பல ஆண்டுகள் நடக்கும்.

அடுத்தது பள்ளிக்கூடம். "பாய்ஸ் எல்லாம் இந்தப் பக்கம், கேர்ள்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்." உங்கள் வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறீர்கள்? லேசி ஹில்லியார்டு, லின் லிபன் இருவரும் 2010-ல் இதையே சோதித்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்புகள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் எப்போதும்போல் இருந்தார்கள். மற்ற வகுப்புகளில் பையன்களையும் பெண்களையும் தனித்தனியே வரிசையில் நிறுத்தினார்கள், தனித்தனியே அழைத்தார்கள், அவர்கள் செய்தவற்றைத் தனித்தனிப் பலகையில் ஒட்டினார்கள். யார் உசத்தி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டியும் வைக்கவில்லை. இரண்டே வாரம். பிரித்துப் பேசிய வகுப்புகளில் ‘இது பெண்கள் வேலை, இது ஆண்கள் வேலை’ என்ற எண்ணம் கூடியது. மற்ற பாலினத்தவரோடு விளையாடுவது குறைந்தது. வரிசையில் நிற்க வைக்க வேறு வழியா இல்லை? உயரப்படி நிறுத்தலாம், பிறந்த மாதப்படி நிறுத்தலாம். பிரிக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் பிரிப்பதை விட்டுவிடுங்கள் என்றுதான் எல்லா ஆசிரியர்களிடமும் கேட்கத் தோன்றுகிறது.

பின்விளைவு சின்னதல்ல. 2017-ல் சயின்ஸ் இதழில் லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அதில் வருபவர் மிக மிகப் புத்திசாலி. ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. பிறகு ஆண், பெண் படங்களைக் காட்டி, "கதையில் வந்தவர் இவர்களில் யார்?" என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணைக் காட்டினார்கள், பெண்கள் பெண்ணைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதுப் பெண்களில் பெண்ணைக் காட்டியவர்கள் குறைந்துவிட்டார்கள். "மிக மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு" என்று சொல்லிக் கொடுத்த விளையாட்டிலும் அவர்களுக்கு ஆர்வம் குறைவாக இருந்தது. "பள்ளியில் நல்ல மார்க் வாங்குவது யார்?" என்று கேட்டபோது அதே பெண்கள், பெண்களைத்தான் சொன்னார்கள். மார்க் வாங்குவது கண்ணால் பார்க்கும் உண்மை. இருந்தும் புத்திசாலி என்ற இடத்தில் தம்மைப் போன்றவரை வைக்க மனம் வரவில்லை. ஒரே ஆண்டில் அந்த ஆறு வயதுக்காரி எங்கிருந்து இந்தத் தடயத்தைப் பொறுக்கினாள்? எந்தப் பேச்சில், எந்தப் படத்தில், எந்தச் சிரிப்பில்?

எல்லாமே சுற்றுப்புறம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடலுக்கும் பங்கு இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுரந்த நிலையில் பிறக்கும் பெண் குழந்தைகள் சிலர் உண்டு. மெலிசா ஹைன்ஸ் முதலியோரின் ஆய்வுகளில், அவர்கள் கார், லாரி போன்றவற்றோடு மற்றச் சிறுமிகளைவிடக் கூடுதலாக விளையாடுகிறார்கள். "இது பெண்களுக்கு" என்று சொல்லப்படும் பேச்சுக்கும் அவ்வளவாக மசிவதில்லை.

இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறந்தபோது ‘பையன்’ என்று எல்லோரும் சொன்ன குழந்தை, ‘நான் பொண்ணு’ என்று பேசத் தெரிந்த நாளிலிருந்து உறுதியாகச் சொல்லும். அல்லது இதற்கு நேர்மாறாகச் சொல்லும். பொம்மை பிடித்த பையனைப் பற்றிப் பேசவில்லை. பொம்மை பிடித்த பையன் பொம்மை பிடித்த பையன்தான். இது தன்னை யாரென்று உணர்வது பற்றியது. அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சன் 2013-ல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார். 2019-ல் அவர் குழுவினர் மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையான 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். தன்னைப் பெண் என்று உணரும் பிள்ளையின் விருப்பங்களும், தன்னைப் பற்றிய எண்ணமும் மற்றப் பெண் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தன. நம் ஊரில் திருநங்கைகள், திருநம்பிகள் என்று மரியாதையாக அழைக்கிறோமே, அவர்களில் பலரும் சின்ன வயதிலேயே இதை உணர்ந்ததாகச் சொல்வார்கள். அவர்களுக்காக 2008-ல் தமிழ்நாடு அரசு தனி நலவாரியம் அமைத்தது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், கேலி செய்பவர்களோடு சேராதீர்கள்.

கறாரான சட்டம் கடைசிவரை கறாராகவே இருக்குமா? ஜெர்மனியில் ஹான்ஸ் மார்ட்டின் ட்ராட்னர் குழுவினர் ஒரே பிள்ளைகளை ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை ஆண்டுதோறும் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்தாறு வயதில் ‘இது பையன்களுக்கு மட்டும்தான்’ என்று அடித்துச் சொன்னவர்கள், ஏழெட்டு வயதில் ‘ரெண்டு பேருமே செய்யலாம்’ என்று இளகத் தொடங்கினார்கள். மிகக் கறாராக இருந்த பிள்ளைகளும் பின்னால் இளகிவிட்டார்கள். 2005-ல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கிளிப் போட்டால் பெண் ஆகிவிடுவோமோ என்ற பயம் உள்ள வயதில் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. எதைப் போட்டாலும் நான் நான்தான் என்று தெரிந்தபிறகு, அந்தப் பிடி பலருக்குத் தளர்கிறது.

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் மூன்று, நான்கு வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், ஸ்லாபியும் ஃப்ரேயும் கேட்ட மூன்று வகைக் கேள்விகளை நீங்களும் கேட்டுப் பாருங்கள். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். விளையாட்டாகக் கேளுங்கள், பரீட்சை மாதிரி வேண்டாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பிள்ளை பதிலை மாற்றிவிடும். ஆகவே ஒருமுறைதான். பதில் எப்படி இருந்தாலும் சிரிக்கவோ திருத்தவோ கூடாது. "ஏன் அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கிடைப்பதிலேயே சுவையானது அந்தக் காரணமாகத்தான் இருக்கும். அதைப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும், பிள்ளைக்கு எத்தனை வயது எத்தனை மாதம் என்பதையும் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து, பழைய பதிலைக் காட்டாமல், அதே கேள்விகளைக் கேளுங்கள். குறிப்பை வேறு யாரிடமாவது காட்டும்போது பிள்ளையின் பெயர் வேண்டாம். வயதும் பதில்களும் போதும்.